குத்துவிளக்கை எங்கே வைப்பது?

கடந்த ஆண்டு எங்கள் கழகத்தின் முத்தமிழ் விழாவுக்கு அகப்பக்கம் உருவாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘கணினித் துறையில் படிக்கிறான், தமிழும் தட்டச்சு செய்வான், வேறு யாரைத் தேடுவது?’ என்று செயலவைக் கூட்டத்தில் ஒரே நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். மூன்று இரவுகள் கண்விழித்துச் செய்தேன். இருபுறமும் குத்துவிளக்கு, மேலே மாவிலைத் தோரணம், மூலையில் தோகை விரித்த மயில், கீழே கோலம், நடுவில் யாழ், ஓரத்தில் பனையோலைச் சுவடி. மொத்தம் பதினான்கு படங்கள். கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டியபோது கைதட்டினார்கள். “பார்த்தவுடனே தமிழ்னு தெரியுது தம்பி,” என்றார் முன்னாள் தலைவர் ஒருவர். அந்தப் பாராட்டை ஒரு வாரம் மனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பதிவு முடிந்த மறுநாள் காலையில் ஓர் அழைப்பு வந்தது. முதலாமாண்டு மாணவி. பேச்சுப் போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறார்.

“அண்ணா, பதிவு பண்ற இடம் எங்க இருக்கு? ரெண்டு நாளா தேடுறேன்.”

“வலது பக்கக் குத்துவிளக்குக்குக் கீழேம்மா. சிவப்பு பொத்தான்.”

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “எனக்குக் கண் தெரியாது அண்ணா,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்பவரிடம் சொல்வது போல் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அவர் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர். திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் அது. என் பக்கத்தைத் திறந்ததும் அது என்ன சொன்னது என்று பிறகு எனக்கு விளக்கினார். “கிராஃபிக், குத்துவிளக்கு ஃபைனல் டூ. கிராஃபிக், குத்துவிளக்கு ஃபைனல் டூ காப்பி. கிராஃபிக், மயில் நியூ. கிராஃபிக், தோரணம் லாஸ்ட்…” இப்படிப் பதினான்கு முறை. நான் கோப்புகளுக்கு வைத்த பெயர்கள் அவை. பக்கம் கட்ட நான் பயன்படுத்திய மென்பொருள், படத்தை இழுத்துப் போட்டவுடன் அந்தப் பெயரையே படத்தின் மாற்று உரையாக நிரப்பிவிட்டது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விழாவின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் பதினான்கு அலங்காரங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டி வந்தாலும் இறுதி நாள் எது என்று அவருக்குத் தெரியவில்லை. இறுதி நாளும் போட்டி விதிகளும் பட்டுச்சேலை ஓரம் போட்ட ஒரு சுவரொட்டிப் படத்துக்குள் இருந்தன. புலனக் குழுவிலும் அதே படத்தைத்தான் பகிர்ந்திருந்தோம்.

அன்று மாலையே செயலவையில் சொன்னேன். “பதிவு முடிந்துவிட்டது, ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும்,” என்றார்கள். விதி என்று பார்த்தால் அது சரிதான். தவறு என் பக்கத்தில் இருந்தது, அவர் பக்கத்தில் இல்லை என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கைதட்டல் என்ன ஆவது? அவர் அந்த ஆண்டு பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். அன்பு வாசகர்களே, உங்களில் பலர் ஏதாவதொரு கழகத்துக்கோ ஆலயத்துக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ ஒரு நாள் பக்கம் செய்யப் போகிறவர்கள். செய்து முடித்தவர்களும் இருப்பீர்கள். ஆகவே சற்றுத் தொழில்நுட்பம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அகப்பக்கத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. எச்.டி.எம்.எல். என்பது உடம்பு: தலைப்பு, பத்தி, இணைப்பு, படிவம் எல்லாம் அதில் இருக்கும். சி.எஸ்.எஸ். எனப்படும் ஸ்டைல் ஷீட் என்பது உடை: நிறம், எழுத்தளவு, இடைவெளி, எது எங்கே நிற்க வேண்டும் என்பன அதில் இருக்கும். ஸ்டைல் ஷீட்டை இனிப் பாணித்தாள் என்று எழுதுகிறேன். உடம்பையும் உடையையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற கருத்து புதிதன்று. ஹோக்கோன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபரில் இதை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் என்பவரும் சேர்ந்து உழைக்க, 1996 டிசம்பரில் முதல் பாணித்தாள் தரம் வெளிவந்தது. பின்னணிப் படம் வைக்கும் வசதி அந்த முதல் தரத்திலேயே இருந்தது. ஒரு பொருளை இன்ன இடத்தில் நிற்க வை என்று புள்ளிக் கணக்கில் சொல்லும் வசதி 1998 மே மாதம் வந்த இரண்டாம் தரத்தில் சேர்ந்தது.

அதற்கு முன்பு பக்கம் செய்தவர்கள் பட்ட பாடு வேறு. படத்தை நினைத்த இடத்தில் நிறுத்த அட்டவணை போட்டு, கட்டத்துக்குள் கட்டம் வைத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை இழுத்து நீட்டி முட்டுக் கொடுப்பார்களாம். டேவிட் சீகல் என்பவர் 1996-இல் வெளியிட்ட நூலால் அந்த ஒற்றைப் புள்ளி உத்தி உலகமெங்கும் பரவியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு கருவி அவர்கள் கையில் இல்லை. கருவி வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே காரியத்தைச் செய்த என்னைத்தான் குறை சொல்ல வேண்டும்.

‘நீயும் பாணித்தாளைத்தானே பயன்படுத்தினாய்?’ என்று கேட்கலாம். ஆம், பயன்படுத்தினேன். என் பிழையின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. படம் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் பாணித்தாளில் எழுதினேன். படத்தையோ உடம்பிலேயே விட்டுவிட்டேன். ‘பொசிஷன்: அப்சலூட்’ என்று எழுதி, மேலிருந்து இத்தனை புள்ளி, இடமிருந்து இத்தனை புள்ளி என்று கொடுத்தால் கண்ணுக்குப் படம் நகர்ந்துவிடும். ஆனால் உடம்பில் அது எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையில்தான் திரைவாசிப்பான் அதைப் படிக்கும். நான் பதினான்கையும் வசதிக்காக மேலேயே எழுதி வைத்திருந்தேன். கண்ணுக்கு அவை பக்கமெங்கும் பரவி நின்றன. காதுக்கு வாசலிலேயே வரிசை கட்டி நின்றன.

இடம் வைத்ததிலும் எனக்கு விவரம் போதவில்லை. ‘அப்சலூட்’ என்றால் முற்றான இடம் என்று பொருள் கொண்டு, பக்கத்தின் மூலையிலிருந்துதான் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது தனக்கு மேலே உள்ள பெட்டிகளில் எதற்காவது ‘ரிலேட்டிவ்’ போன்ற இடக்குறிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பெட்டியின் மூலையிலிருந்து அளக்கும். அப்படி ஒன்றும் இல்லையென்றால்தான் பக்கத்தின் மூலைக்கே போய்விடும். கல்யாண வீட்டுத் தோரணத்தை வீட்டு வாசற்காலில் கட்டாமல் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டினால் எப்படி இருக்கும்? வாசலை இரண்டடி தள்ளி அமைத்தால் தோரணம் பழைய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். என் விளக்குகள் அப்படித்தான் ஆடின. என் மடிக்கணினியில் மட்டும் எல்லாம் பொருந்தின. கைத்தொலைபேசியில் இடது விளக்கு எழுத்தின் மேல் ஏறிக்கொண்டது. வலது விளக்கோ திரைக்கு வெளியே போய், பக்கத்தையே பக்கவாட்டில் இழுத்து நீட்டியது. பதிவுப் பொத்தானின் மேல் மயிலின் தோகை விரிந்திருந்தது. தோகைப் படத்தின் வெற்றுப் பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விரல் பட்டால் பொத்தானுக்குப் போகாமல் மயிலுக்குத்தான் போகும். “அழுத்துறேன், ஒன்னும் ஆகல,” என்று கண் நன்றாகத் தெரிகிற நண்பர்கள் ஏழெட்டுப் பேர் புகார் சொன்னபோது, “இணையம் மெதுவா இருக்கும், மறுபடியும் முயற்சி பண்ணு,” என்று பதில் சொன்னவன் நான்.

எந்தப் படம் உடம்பில் இருக்க வேண்டும், எது உடைக்குப் போக வேண்டும் என்று எப்படிப் பிரிப்பது? படத்தை எடுத்துவிட்டுப் பக்கத்தை வாசித்துப் பாருங்கள். ஏதாவது செய்தி குறைந்தால் அது உள்ளடக்கம். அதற்குப் பொருளுள்ள மாற்று உரை எழுதி உடம்பில் வைக்க வேண்டும். ஒன்றும் குறையவில்லை என்றால் அது அலங்காரம். பாணித்தாளில் பின்னணிப் படமாக வைத்துவிடலாம். அங்கே வைத்தால் திரைவாசிப்பான் அதைக் கண்டுகொள்ளாது, அது பொத்தானையும் மறைக்காது. பக்கத்தை அச்சிட்டால் பெரும்பாலான உலாவிகள் அதைத் தாமே விட்டுவிடும். ஏதோ காரணத்தால் உடம்பில்தான் வைத்தாக வேண்டுமென்றால், மாற்று உரை என்ற பண்பை எழுதி அதை வெறுமையாக விட வேண்டும். வெறுமையாக விடுவது வேறு, எழுதாமலே விடுவது வேறு. வெறுமையாக இருந்தால் திரைவாசிப்பான் படத்தைத் தாண்டிப் போய்விடும். எழுதாமலே விட்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடும்.

2008 டிசம்பரில் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் முதல் விதியே இதைப் பற்றியதுதான். வெறும் அலங்காரமான படத்தை உதவிக் கருவிகள் புறக்கணிக்கும்படி அமைக்க வேண்டும் என்கிறது அது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதே 2008-ஆம் ஆண்டில் வந்ததுதான். இதையெல்லாம் நான் இரண்டாமாண்டிலேயே ஒரு பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பாடத்துக்கு எழுதிய கை கழகத்துக்குச் செய்யும்போது அதை மறந்துவிட்டது. தமிழ் வேலை என்றால் அன்பு இருந்தால் போதும், இலக்கணம் வேண்டாம் என்று எங்கோ ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறதோ என்று ஐயுறுகிறேன்.

இங்கே இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் மறுப்பு எங்கள் மூத்த உறுப்பினர்களுடையது. “தமிழ் எழுத்துரு எல்லாக் கணினியிலும் சரியாக வராது. அதனால்தான் நாங்கள் படமாகவே போட்டுப் பழகினோம்,” என்பார்கள். அவர்கள் காலத்தில் அது முழு உண்மை. 1990-களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கேட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகள்தாம் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இந்த வட்டாரத்தில் பலர் உழைத்தார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, நம் நாட்டில் ‘முரசு அஞ்சல்’ கண்ட முத்து நெடுமாறன் ஆகியோரின் பெயர்களை அறியாமல் நாம் பட்டம் வாங்கக் கூடாது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் இந்த முயற்சிகளின் தொடர்ச்சியே. விண்டோஸ் 2000-இலிருந்து தமிழ் ஒருங்குறி கணினிக்குள்ளேயே வந்துவிட்டது. இன்று எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதியும் பாணித்தாளில் இருக்கிறது. அழகான தலைப்பெழுத்து வேண்டுமா? அதையும் எழுத்தாகவே அனுப்பலாம். நோய் தீர்ந்த பிறகும் மருந்தை விடாமல் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் எனக்குக் கிடைத்த ஒரு சான்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய தளங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவில் எங்கள் கழகத்தின் 2003-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். விழாப் படங்கள், அழைப்பிதழ், கவிதைப் போட்டியில் வென்ற கவிதை எல்லாம் படக்கோப்புகளாக இருந்திருக்கின்றன. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உடைந்த படத்தின் சின்னம் மட்டும் சதுரம் சதுரமாக நிற்கிறது. அன்றைய தலைவரின் வரவேற்புரை மட்டும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ஒருங்குறியில் இல்லை, பழைய குறியாக்கத்தில். திறந்ததும் ஒன்றும் புரியாத குறிகளாகத் தெரிந்தது. மாற்றி ஒன்றில் போட்டேன், பளிச்சென்று தமிழாக வந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உரையில் ஓர் ஒற்றுப் புள்ளிகூடக் குறையவில்லை. வென்ற கவிதை என்னவென்று அதை எழுதியவருக்குத்தான் தெரியும். இந்த இதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் அவர் இருந்தால் தயவுசெய்து எங்களுக்கு அனுப்பி வையுங்கள். எழுத்தாக.

இரண்டாவது மறுப்புக்குப் பதில் சொல்வது அத்தனை எளிதன்று. “விளக்கும் மயிலும் இல்லாவிட்டால் அது தமிழ்ப் பக்கம் என்று எப்படித் தெரியும்?” என்று செயலவைத் தோழி ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டுப் போகத் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆறு ஆண்டுகள் கணிதம், அறிவியல், நன்னெறிக் கல்வி, சபைகூடல், கழிப்பறை வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு வரை எல்லாமே தமிழ். அங்கே தமிழ் யாருக்கும் அழகுப் பொருள் இல்லை, வேலை செய்யும் மொழி. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஆள் இல்லாத ஏதாவதொரு வகுப்பறையில். அந்தப் பள்ளியில் தமிழ் எல்லார் கண்ணிலும் படும் நாள்கள் ஆண்டில் இரண்டோ மூன்றோதான். தீபாவளிக்கு மண்டபத்தில் கோலம் போட இந்திய மாணவர்களைக் கூப்பிடுவார்கள். நல்லெண்ணத்தோடுதான் கூப்பிட்டார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்களும் போட்டோம். ஓராண்டு பதாகையில் தமிழிலும் வாழ்த்து அச்சிட்டிருந்தார்கள். கொம்புகளெல்லாம் இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் நின்றன, புள்ளிகள் பறந்து போயிருந்தன. தமிழுக்கு ஒத்துவராத ஏதோ வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் அது வாசலில் தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்த நாங்களும் சொல்லவில்லை. ஏனென்றால் அதை யாரும் படிப்பதற்காகத் தொங்கவிடவில்லை, பார்ப்பதற்காகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஐந்தாண்டுகள் இப்படிப் பழகிய பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழுக்கு ஒரு பக்கம் செய்தால் என்ன செய்வோம்? விளக்கைத்தான் தேடுவோம். பிறர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்ற ஏக்கம் அது. அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் கழகத்தின் பக்கத்தைத் திறப்பவர் பிறர் அல்லரே! போட்டி என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மண்டபத்தில் என்று தெரிந்துகொள்ளத் திறக்கும் தமிழர் அவர். அவருக்கு நாம் தமிழர்தாம் என்று மயிலை வைத்து நிறுவ வேண்டியதில்லை. இறுதி நாளைத் தமிழில் எழுதினாலே போதும்.

அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பாரதியாரைப் பற்றித் திரட்டேடு செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மினுக்குத்தூள் ஒட்டி, நாற்புறமும் கொடி வரைந்து, மயிலிறகு சொருகிக் கொண்டுபோனேன். ஆசிரியை புரட்டிப் பார்த்துவிட்டு, “அழகா இருக்குய்யா, பாரதியார் எங்க?” என்று கேட்டார். ஒரு பக்கத்தில் எட்டு வரி எழுதியிருந்தேன், அதிலும் மூன்று வரி கொடிக்கு அடியில் மறைந்திருந்தது. வகுப்பே சிரித்தது. ஆனால் அவர் கொடியை அழிக்கச் சொல்லவில்லை. ஓரத்துக்குத் தள்ளி வரையச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிழையைக் கணினியில் செய்திருக்கிறேன்.

பாணித்தாள் அலங்காரத்துக்குப் பகை என்று நினைப்பவர்கள் 2003-இல் டேவ் ஷே என்ற கனடியர் தொடங்கிய ‘சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்’ தளத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஏறக்குறைய என் வயதுதான் அதற்கும். உடம்பு ஒன்றுதான், ஒரு சொல்கூட மாறாது. பாணித்தாளை மட்டும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான வடிவமைப்பாளர்கள் அதற்கு விதவிதமான உடை போட்டார்கள். பூவும் கொடியும் கடலும் வானமுமாக இருக்கும். அத்தனை அலங்காரத்தையும் கழற்றிவிட்டு வாசித்தால் அதே எழுத்து அப்படியே இருக்கும்.

இந்த ஆண்டு பக்கத்தைப் புதிதாக எழுதினேன். பதினான்கு படங்களில் ஒன்றே ஒன்று உடம்பில் தங்கியது, மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடம். அதற்கும் கீழே வழியை நான்கு வரியில் எழுதிவிட்டேன். கழகச் சின்னம் அலங்காரமா இல்லையா என்று நானே அரை நாள் குழம்பினேன். அதை அழுத்தினால் முகப்புக்குப் போக வேண்டும் என்பதால் கழகத்தின் பெயரை மாற்று உரையாகக் கொடுத்து அதையும் உடம்பிலேயே வைத்தேன். ஆக இரண்டு. மற்றவை எல்லாம் பாணித்தாளுக்குப் போயின. இரு விளக்குகளையும் ஒரே பெட்டியின் பின்னணியில், ஒன்று இடப்பக்க அடியில், மற்றது வலப்பக்க அடியில் என்று வைத்து, அவை எழுத்தில் மோதாதபடி இருபுறமும் இடம் விட்டேன். குறுகிய திரையில் விளக்கே வராது. அகலத்தைப் பார்த்து விதி மாற்றும் வசதி இருக்கிறது. வராத படத்தைப் பெரும்பாலான உலாவிகள் இறக்கவும் மாட்டா என்பதால் தரவுப் பொட்டலம் வாங்கி ஓட்டும் மாணவருக்கு அது ஒரு மிச்சம். தோரணத்துக்கு முன்பு திரையளவு நீண்ட படம் செய்திருந்தேன். இப்போது ஒரே ஒரு மாவிலை. அதைக் குறுக்கே திரும்பத் திரும்ப அடுக்கு என்று ஒரு சொல் எழுதினால் எவ்வளவு அகலமான திரையாக இருந்தாலும் கோத்துக்கொண்டே போகும். பாட்டி சொல்லிக் கேட்ட தோரணமும் அப்படித்தான், இலை இலையாகத்தானே கோத்தார்கள்! மயிலை எழுத்தின் மேல் வைக்கவே வேண்டும் என்று தோழி பிடிவாதம் பிடித்ததால் வைத்தேன். ஆனால் விரலின் தொடுதல் மயிலைத் தாண்டிக் கீழே போகும்படி ஒரு வரி சேர்த்துவிட்டேன். கோலத்தை மட்டும் எழுத்துக்குப் பின்னால் வைக்க மறுத்துவிட்டேன். கோலத்தின் மேல் எழுதிய எழுத்தைப் படிக்க முயன்று என் அம்மா கண்ணாடியைத் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சிறு காரியங்கள். பக்கத்தின் முதல் வரியில் மொழி எது என்று குறிக்க வேண்டும். நான் எங்கிருந்தோ எடுத்த வார்ப்புருவில் ஆங்கிலம் என்று இருந்ததை அப்படியே விட்டிருந்தேன். தமிழ் என்று குறித்தால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற வழியுண்டு. என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளிலேயே தமிழ்க் குரல் இருக்கிறது. தமிழ் விழாவின் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, அதை நாங்கள் பார்க்கவே இல்லை. அடுத்தது, தலைப்புக்கு முன்னும் பின்னும் நாம் வாரி இறைக்கும் பூக்குறிகளும் கும்பிடும் கைகளும். அவையும் எழுத்துகளே. திரைவாசிப்பான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லும். ஐந்து கும்பிடு போட்டு வரவேற்றால் ஐந்து முறை ‘கூப்பிய கைகள்’ என்று கேட்டு முடித்த பிறகுதான் வரவேற்பு வரும்.

புலனக் குழுவுக்கு இந்த ஆண்டும் சுவரொட்டிதான் படமாகப் போனது. செயலவையில் இரண்டு முறை பேசினேன். “நேரமில்லை, அடுத்த முறை பார்க்கலாம்,” என்றார்கள். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதில் உள்ளதை நானே தட்டச்சு செய்து போடுகிறேன். இரண்டு நிமிட வேலை. “எதுக்குடா படத்துல இருக்கறதையே மறுபடி எழுதற?” என்று முதல் வாரம் கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. அந்த எழுத்தைத்தான் எல்லாரும் நகலெடுத்துத் தங்கள் நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள்.

பக்கத்தை வெளியிடுவதற்கு முன் அந்த மாணவியை அழைத்தேன். இப்போது அவர் இரண்டாமாண்டு. கடந்த ஆண்டு நான் சொல்லாமல் விட்டதையும் அன்றுதான் சொன்னேன். “தெரியும் அண்ணா, யாரோ சொன்னாங்க,” என்று மட்டும் சொன்னார். பிறகு பக்கத்தைத் திறந்து கேட்கத் தொடங்கினார். எனக்குப் பழக்கமில்லாத வேகத்தில் குரல் ஓடியது. நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

“விளக்கெல்லாம் எடுத்துட்டீங்களா?”

“இல்லம்மா, இருக்கு. ரெண்டு பக்கமும்.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.”

“சரி. பேச்சுப் போட்டிக்கு அஞ்சு நிமிஷமா, ஏழு நிமிஷமா?”

“அதுலயே போட்டிருக்கேம்மா.”

“ரெண்டும் போட்டிருக்கு அண்ணா. மேல அஞ்சு, விதிமுறையில ஏழு.”

போய்ப் பார்த்தேன். கடந்த ஆண்டுச் சுவரொட்டியிலிருந்து அப்படியே எடுத்து எழுதியது. அதிலும் அப்படித்தான் இருந்தது. ஏழு என்று திருத்திவிட்டுப் பக்கத்தை வெளியிட்டேன்.